வாரண்டு மேகம்

சித்திரை பிறந்து வந்த முதல் திங்கட்கிழமை, கோரையடிவிளை உப்பளத்தில் பெண்கள் குனிந்து உப்பு வாரிக்கொண்டிருந்த முற்பகல் நேரத்தில், ஒரு கயிற்றுக் கட்டில் அகலமே இருந்த சின்ன மேகம் ஒன்று கடல் பக்கமிருந்து தாழப் பறந்து வந்து, வரிசையில் நின்ற ஒவ்வொருத்தியின் தலைக்கு மேலும் சற்றே தயங்கி, இவள் இல்லை, இவளும் இல்லை என்று நகர்ந்து நகர்ந்து, கடைசிப் பாத்தியில் நின்ற சந்தனக்கனியின் தலைக்கு மேல் வந்ததும் நின்று, பெய்யத் தொடங்கியது.

பெரிய மழை இல்லை. பூவாளியில் ஊற்றுகிற அளவுதான். ஆனால் உப்புக்கு அது போதும். அவள் காலடியில் வெளுத்துப் பூத்திருந்த உப்பு அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீராகிப் போனது.

“சந்தனம், அதைக் கூட்டிக்கிட்டு வரப்பு மேல ஏறு,” என்றார் கங்காணி தங்கப்பழம். “விளைஞ்ச பாத்தி வீணாப் போவுது பாரு.”

“நான் கூட்டிக்கிட்டு வரல அண்ணாச்சி. அதுவா வருது.”

“யாரு யாரைக் கூட்டிட்டு வந்தாலும் சரி, ரெண்டு பேரும் வெளிய நில்லுங்க.”

அவள் வரப்பில் ஏறினாள், மேகமும் ஏறியது. ஓடிப் பார்த்தாள், அதுவும் ஓடியது. உப்பு அம்பாரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்து நின்றாள், அம்பாரம் ஒரு பக்கமாகக் கரைந்து சரிய ஆரம்பித்ததும் தங்கப்பழம் கையெடுத்துக் கும்பிட்டார். அதற்குப் பிறகு அவள் அளத்துக்குள் கால் வைக்கவில்லை. வாருபலகையைத் தோளில் சாத்திக்கொண்டு, வெயிலில் ஊரே வெந்துகொண்டிருந்த மத்தியானத்தில், நனைந்த சேலை காலைத் தடுக்க, தன் மழைக்குள் தான் ஒருத்தியாக நடந்து வீட்டுக்குப் போனாள்.

கோரையடிவிளையில் மழை என்றால் திருடன் வந்த மாதிரி. விளைந்து நிற்கும் வெள்ளாமையை ஒரே மூச்சில் கொண்டுபோய்விடும். அதே ஊரில், மண்ணை எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான் வரும். குடிக்கிற தண்ணீர் தெருமுனைக் குழாயில் நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் வராது, பெரும்பாலும் நினைக்காது. மழையை விரட்டவும் வேண்டும், தண்ணீருக்கு ஏங்கவும் வேண்டும் என்று இரண்டு மனதோடு வாழப் பழகிய ஊர் அது. அதனால் மேகத்தைப் பற்றி யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அன்று சாயங்காலம் சந்தனக்கனியின் நாத்தனார் பேச்சித்தாய் வந்து, உள்ளங்கையை நீட்டி ஒரு வாய் பிடித்துக் குடித்துப் பார்த்தாள்.

“நல்ல தண்ணி மதினி,” என்றாள். “சித்த இப்படித் தள்ளி உக்காருங்க. குடத்தை வைக்கேன்.”

மறுநாள் விடியும்போது வாசலில் தெரு முழுக்கக் குடங்கள் நின்றன. ஒரு வாரத்துக்குள் அதற்கு முறையும் வந்துவிட்டது. பிள்ளை பெற்ற வீட்டுக் குடம் முதலில், படுத்த படுக்கையாக இருப்பவர்கள் வீட்டுக் குடம் அடுத்து, சண்டைக்காரிகளின் குடங்கள் கடைசியில். பள்ளிக்கூடத்து டீச்சர் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்து, மழை எப்படிப் பெய்கிறது என்று அண்ணாந்து பார்க்கச் சொல்லிப் பாடம் நடத்தினார். கோயில் பூசாரி கொடைத் திருவிழாவுக்கு முன்னால் பிராகாரத்தைச் சுற்றி அவளை ஒரு நடை நடக்கச் சொல்லிக் கல்தளத்தைக் கழுவிக்கொண்டார். கல்யாண வீட்டார் மட்டும் பந்தலுக்கு வெகு தூரத்திலேயே அவளை நிறுத்தித் தாம்பூலம் கொடுத்தார்கள். அவள் நடந்து போன வழியெல்லாம் புல் முளைத்தது. அந்த உப்பு மண்ணில் புல்லைக் கண்டறியாத ஊர் ஆடுகள், அவள் எங்கே போனாலும் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக, துக்கத்துக்குப் போகிறவர்கள்போலத் தலை குனிந்து நடந்தன. பஸ் கண்டக்டர் அவளுக்கென்று கடைசி ஜன்னல் சீட்டை விட்டுவைத்தார். அவள் உள்ளே உட்கார, மேகம் பஸ்ஸின் கூரை மேல் உட்கார்ந்து ஒழுகிக்கொண்டே வந்தது.

ஊர் மேகத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது. சந்தனக்கனிதான் ஏற்றுக்கொள்ளவில்லை.

அவள் வீட்டில் உப்பு நிற்கவில்லை. ஜாடியில் போட்டால் விடிவதற்குள் கலங்கல் தண்ணீர். முறை போட்டு வீட்டுக்கு வீடு அவளுக்குச் சோறு வந்தது. தண்ணீருக்காக வருகிற சோறு என்பதால் அது தொண்டையில் இறங்கவில்லை. புருஷன் போன நாளிலிருந்து தன் கையை நம்பியே கஞ்சி குடித்தவள் அவள். அவளைப்போல மேல்மண் கலங்காமல் உப்பு வாருகிறவள் அந்தக் கடற்கரையிலேயே இல்லை என்பார்கள். பலகையை அவள் இழுக்கும்போது ஓசையே வராது. யாரோ தூங்கும் பிள்ளையின் மேல் போர்வையை இழுத்துவிடுவதுபோல இருக்கும். இப்போது விரல்கள் ஊறிச் சுருங்கிக் கிடந்தன. உப்பு தின்று பாளம் பாளமாக வெடித்திருந்த பாதங்கள் மெல்ல மெல்ல ஆறி, புதுப்பெண்ணின் கால்போல வழவழப்பாகிவிட்டன. ஒரு நாள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது அளத்துக்காரி காலா” என்று சொல்லி அழுதாள். மழைக்குள் இருந்து அழுதால் அதுவும் யாருக்கும் தெரியாது.

எல்லோரையும் வாட்டி எடுத்த அந்த வெயிலுக்கு அவள் ஏங்கினாள். இத்தனை வருஷம் அவளைக் கறுக்க வைத்த, கண்ணைப் பூக்க வைத்த, முதுகைப் பொசுக்கிய அந்த வெயில் தெருவின் எதிர்ப்பக்கத்தில் காய்ந்துகொண்டிருப்பதை, ஊரைவிட்டு வந்தவள் ஊரை நினைத்துப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆடி மாதத்தில் ஏட்டு நம்பிராஜன் தன் பழைய மொபெட்டில் வந்து இறங்கினார்.

“இங்க சந்தனக்கனின்னு யாரும்மா?”

“மேல பாத்துக் கேளுங்க ஏட்டையா,” என்றாள் குடத்தோடு நின்ற ஒருத்தி.

அவர் மேலே பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மழைக்குள் வந்து, பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். அதை விரித்ததும் மேகம் கறுத்து, தூக்கத்தில் புரண்டவனைப்போல ஒரு தரம் உறுமியது. ஏட்டையாவின் சட்டை நனைந்தது, மீசை நனைந்தது, கையிலிருந்த காகிதத்தின் மேல் மட்டும் ஒரு துளியும் விழவில்லை. அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள்.

“உங்க மேல கோர்ட்டுல பிடிவாரண்டு இருக்கும்மா,” என்றார் அவர். “சித்திரை முதல் திங்கட்கிழமை போட்டது. நிலுவையில கிடக்க வாரண்டையெல்லாம் முடிக்கச் சொல்லி உத்தரவு. அதான் வந்தேன்.”

பேச்சித்தாய் மேகத்தையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்ப ரெண்டும் ஒரே நாள்ல கெளம்புனதுதான்.”

“ஆமாம்மா. காகிதம் ஸ்டேஷன்ல தங்கிட்டு. இது நேரா வந்துட்டு.”

“நான் என்னய்யா செஞ்சேன்?” என்று கேட்டாள் சந்தனக்கனி. போலீஸ் நிலையத்து வாசலை அவள் வெளியிலிருந்துகூடச் சரியாகப் பார்த்ததில்லை.

“குடத்தை வச்சு ரோட்ட மறிச்சீங்களே, அந்தக் கேசு.”

ஊருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. சில வருஷங்களுக்கு முன் ஒரு கோடையில், குழாயில் மாதக்கணக்காகத் தண்ணீர் வராமல், பெண்கள் காலிக் குடங்களோடு போய்ப் பெரிய ரோட்டில் உட்கார்ந்தார்கள். போலீஸ் வந்து வேனில் ஏற்றி, ஒரு கல்யாண மண்டபத்தில் இறக்கி, எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலம் கொடுத்து, பெயர் எழுதிக்கொண்டு, பொழுது சாயவும் அனுப்பிவைத்தது. மண்டபத்திலிருந்து அனுப்பிவிட்டால் அதோடு முடிந்தது என்றுதான் ஊர் நினைத்திருந்தது. கை கழுவிவிட்டு வந்த விருந்துபோல அதை மறந்தும் போயிருந்தது.

“மத்தவங்களும் உக்காந்தாங்களே,” என்றாள் சந்தனக்கனி.

“அவங்களுக்கும் சம்மன் போச்சு. யாரையும் கண்டுபிடிக்க முடியல.” ஏட்டையா காகிதத்தைப் பார்த்து வாசித்தார். “முத்தாரம்மாள். பத்திரகாளி. உச்சினிமாகாளி. வண்டிமறிச்சாள். எல்லாருக்கும் விலாசம் கோயில் தெரு. இந்தப் பேருல யாரும்மா இருக்கா இங்க?”

பெண்கள் குனிந்து ஆளுக்கொரு குடத்தை நகர்த்தி வைத்தார்கள்.

கோரையடிவிளையில் ஒரு பழக்கம் உண்டு. அயலான் ஒருவன், அதுவும் காக்கி போட்டவன், கெட்ட நேரத்தில் பெயர் கேட்டால், பெண்கள் தங்கள் வீட்டுச் சாமியின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். வருகிற வம்பு அந்த அம்மன் பெயருக்கு வரட்டும், அவள் பார்த்துக்கொள்வாள் என்று அதற்கு அர்த்தம். மண்டபத்தில் வடக்கே எங்கிருந்தோ வந்த ஒரு போலீஸ்காரர் கேட்கக் கேட்க, அம்மன்கள் ஒவ்வொருவராக வழக்கில் சேர்ந்தார்கள். பேச்சித்தாய் முத்தாரம்மாள் ஆனாள். பூரணம் வண்டிமறிச்சாள் ஆகிவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையைக் கடித்துக்கொண்டாள்; பஸ்ஸை மறித்த வழக்கில் அந்தப் பேரைவிடப் பொருத்தமான பேர் ஏது. சந்தனக்கனி மட்டும் சந்தனக்கனி என்றே சொன்னாள். ஏனடி என்று பூரணம் இடித்தபோது, “ரோட்டுல உக்காந்தது நான்தானளா? சாமியா உக்காந்துச்சு?” என்றாள். சம்மன் கொண்டுவந்த ஆள் விலாசத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்து, சந்தனக்கனியுடையதையும் சேர்த்து எல்லாவற்றையும் கோயில் கதவிலேயே ஒட்டிவிட்டுப் போக, கொடை நோட்டீஸ் என்று நினைத்த பூசாரி அதைக் கிழித்துத் திருநீறு மடித்துக் கொடுத்திருந்தார்.

பூரணம் இப்போது இல்லை. உப்புத் தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சிறுநீரகம் கெட்டு, போன ஐப்பசியில் போய்விட்டாள்.

“அம்மா,” என்றார் ஏட்டையா, “நான் பிடிச்சுக் கொண்டுபோனா ஜெயிலுக்கு அனுப்புனாலும் அனுப்பிருவாங்க. நீங்களா போயி ஆஜராயிருங்க. வர்ற திங்கட்கிழமை வரைக்கும் நான் இந்தப் பக்கம் வரல.” சொல்லிவிட்டுத் தொப்பியைப் பிழிந்து போட்டுக்கொண்டார்.

அவர் போனதும் தெருவே அவள் வாசலில் கூடியது.

“போவாதீங்க மதினி,” என்றாள் பேச்சித்தாய். “வாரண்டு போச்சுன்னா மேகமும் போயிரும்லா. நாங்க குடத்தை எங்க கொண்டு வைக்க?”

“ஏட்டையா நல்ல மனுசன். கேட்டா இன்னும் ரெண்டு மாசம் விட்டுருவாரு,” என்றாள் இன்னொருத்தி.

“ஒனக்கு என்ன குறை வச்சோம்? சோறு வரலையா?”

சந்தனக்கனி அவர்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். “வருது. அதான் எனக்குப் பிடிக்கல,” என்றாள். “எனக்கு வெயில் வேணும் பேச்சி. நீங்க தண்ணி குடிக்கணும், அதுக்கு நான் ஆயுசுக்கும் நனைஞ்சுக்கிட்டே இருக்கணுமா? அன்னைக்கு ரோட்டுல எல்லாரும்தான உக்காந்தோம்.”

அன்று குடங்களை எடுத்துப் போனவர்கள் நிமிர்ந்து பார்க்காமல் எடுத்துப் போனார்கள்.

திங்கட்கிழமை காலையில் அவள் தனியாகத்தான் பஸ் ஏறினாள். ஜெயிலுக்கு அனுப்பினால் உடுத்த ஒரு மாற்றுச்சேலையைப் பாலிதீன் பையில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். கோர்ட்டு வேப்பமரத்தடியில், ஏட்டையா சொல்லிவைத்திருந்த வக்கீலம்மா ரோஸ்லின் அவளுக்காகக் காத்திருந்தாள். சின்னப் பெண். மேகத்தைப் பார்த்தாள், குடையை விரித்தாள், ஒன்றும் கேட்காமல் மனுவில் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

“உங்க பிடிவாரண்டை இன்னைக்கே ரத்து பண்ணிரலாம்மா. ஆனா கேசு அப்படியேதான் இருக்கும். மத்தவங்க வராம அது முடியாது. நீங்க ஒரு ஆளு வாய்தா வாய்தாவா வந்துக்கிட்டே இருக்கணும்.”

“இதுவும் என்கூடவே வருமா?” என்று சந்தனக்கனி மேலே காட்டினாள்.

“அது எனக்குச் சட்டப் புஸ்தகத்துல இல்லம்மா.”

உள்ளே அழைத்தார்கள். மேகம் தகரக் கூரை மேல் நின்றுகொண்டது. கூண்டில் நின்ற சந்தனக்கனியின் சேலை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டிப் பலகையில் ஓடியது. மேடையில் இருந்த நடுவரம்மா, நரை ஓடிய கொண்டையும் தடித்த கண்ணாடியுமாக, சலிப்பும் நிதானமும் கலந்த முகத்தோடு காகிதங்களைப் புரட்டினார்.

“இத்தனை நாள் ஏன் வரல?”

“தெரியாதும்மா. தெரிஞ்சதும் வந்துட்டேன்.”

“மத்த எதிரிகள்?”

அரசு வக்கீல் எழுந்து, குற்றம் சாட்டப்பட்ட மற்ற யாரும் தேடியும் கிடைக்கவில்லை என்றார். வழக்கப்படி கூப்பிட்டுப் பாருங்கள் என்றார் நடுவரம்மா. தபேதார் வாசலுக்குப் போய், வராந்தாவைப் பார்த்து, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, நீட்டி முழக்கிக் கூப்பிட்டார்.

“முத்தாரம்மாள்... முத்தாரம்மாள்... முத்தாரம்மாள்...”

வராந்தாவில் இருந்தவர்களில் சிலர் தங்களை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சந்தனக்கனி தலையைக் குனிந்துகொண்டாள். வரப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

“இருக்கேன் அய்யா,” என்று ஒரு குரல் கேட்டது.

பேச்சித்தாய் மூச்சு வாங்க உள்ளே வந்தாள். உப்பளத்துக்குப் போகிற சேலை, தலையில் கட்டிய துண்டு, முழங்கால் வரை வெள்ளை பூத்த உப்பு. சந்தனக்கனி போன பிறகு ஊரில் நடந்ததை அவளுக்குப் பின்னால்தான் சொன்னார்கள்: அவள் வாசலில் வெயில் விழுந்து கிடந்ததாம், வைத்த குடங்கள் காலியாகவே நின்றனவாம், அவற்றைச் சுற்றி நின்ற பெண்களில் பேச்சித்தாய் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடக்க, மற்றவர்களும் பின்னால் நடந்தார்களாம்.

“பத்திரகாளி... பத்திரகாளி...”

“வந்துட்டேன்.”

“உச்சினிமாகாளி...”

“இந்தா நிக்கேன் அய்யா.”

அவர் கூப்பிடக் கூப்பிட, உப்பு பூத்த கால்களோடு, வெயில் தின்ற முகங்களோடு, ஒருத்தி பின் ஒருத்தியாக அவர்கள் வந்து சந்தனக்கனிக்குப் பக்கத்தில் நின்றார்கள். கூண்டு போதவில்லை. வெளியே வழிந்து சுவரோரம் நின்றார்கள். அப்படி ஒரு வரிசையை அந்தக் கோர்ட்டு பார்த்திருக்காது. தெய்வத்தின் பின்னால் ஒளிந்திருந்தவர்கள் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு முன்னால் வந்து நின்ற அழகை எழுத எனக்கு வார்த்தை போதாது.

“வண்டிமறிச்சாள்...”

தபேதார் வராந்தாவை எட்டிப் பார்த்தார்.

“வண்டிமறிச்சாள்...”

பெண்கள் தரையைப் பார்த்தார்கள். பூரணம் முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரித்தது எல்லோர் கண்ணிலும் வந்துபோனது.

தபேதார் மூன்றாவது தரம் கூப்பிட்டார். கூரை மேல் நின்ற மேகம் அப்போது பேசியது. உறுமலும் இல்லை, இடியும் இல்லை. ஒரு பெண் நீண்ட தூரம் நடந்து வந்து பாரத்தை இறக்கும்போது விடுகிற மூச்சுப்போல ஒரு சத்தம் தகரம் முழுக்கப் படர்ந்து, ஜன்னல்களில் இறங்கி, மேசை மேலிருந்த காகிதங்களைப் புரட்டிவிட்டு அடங்கியது.

நடுவரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அந்த எதிரி ஏன் உள்ள வரல?”

வக்கீலம்மா எழுந்தாள். “உள்ள வந்தா ரெக்கார்டு நனையும், அம்மா.”

“ஆஜர்னு எழுதிக்குங்க,” என்றார் நடுவரம்மா. குமாஸ்தா எழுதிக்கொண்டார்.

பிறகு நடுவரம்மா ஒவ்வொருத்தியிடமும் சொந்தப் பெயர் கேட்டார். பேச்சித்தாய். சொர்ணக்கிளி. வேலம்மாள். அவரவர் பெயரை அவரவர் வாயால் உரக்கச் சொல்வது அவர்களுக்கே புதிதாக இருந்தது. ரோட்டை மறித்தது உண்மையா என்று கேட்டார். உண்மைதான் என்றார்கள். ஏன் என்றார். தண்ணி வரல என்றார்கள்.

“அப்புறமாவது வந்துச்சா?”

“இல்லம்மா,” என்றாள் சந்தனக்கனி.

நடுவரம்மா அரசு வக்கீலைப் பார்த்தார். அரசு வக்கீல் ஜன்னலைப் பார்த்தார். வாரண்டு ரத்து; குற்றத்தை ஒப்புக்கொண்டதால் அன்று கோர்ட்டு கலையும் வரை எல்லோரும் அங்கேயே காவலில் உட்கார்ந்திருக்க வேண்டும், அதோடு வழக்கு முடிந்தது என்று நடுவரம்மா தீர்ப்புச் சொன்னார்.

உட்கார்ந்திருந்தார்கள். மேகமும் கூரை மேல் உட்கார்ந்து, சத்தம் போடாமல் தூறிக்கொண்டிருந்தது. கடைசி வழக்கு முடிந்து நடுவரம்மா எழுந்தபோது, எல்லோரும் எழுந்து தலை வணங்க, அவரும் வழக்கப்படி தலை வணங்கினார். தங்களுக்குத்தான் வணங்கினார் என்று நினைத்துப் பெண்கள் பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவர் அதைப் பார்த்தார், திருத்தவில்லை.

வெளியே வந்தபோது கூரை காய்ந்துகொண்டிருந்தது. மேகம் வெகு உயரத்தில், மற்ற மேகங்களோடு மேகமாக மேற்கே போய்க்கொண்டிருந்தது. சாய்ந்த வெயில் சந்தனக்கனியின் தலையில் விழுந்தது. அவள் நடு வாசலில் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். உச்சந்தலை சுட்டது, தோள் சுட்டது, மாதக்கணக்கில் ஈரமாகவே கிடந்த கூந்தல் ஒவ்வொரு மயிராகப் பிரிந்து காற்றில் எழுந்தது. அவள் கண்ணைத் திறக்கும் வரை யாரும் அவளைத் தொடவில்லை.

எல்லோரும் ஒரே பஸ்ஸில் திரும்பினார்கள். வேறொரு வழக்கில் சாட்சிக்கு வந்திருந்த ஏட்டையா முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

“நாளைக்குத் தண்ணிக்கு என்ன செய்ய மதினி?” என்று மெல்லக் கேட்டாள் பேச்சித்தாய்.

“காலையில நான் அளத்துக்குப் போறேன்,” என்றாள் சந்தனக்கனி. “சாயங்காலம் குடத்தை எடுத்துக்கிட்டு ரோட்டுக்கு வாரேன்.”

“மறுபடியும் மேகம் வந்துட்டுன்னா?”

“வரட்டும். இந்தத் தடவை எல்லாரும் நனைவோம்.”

ஏட்டையா திரும்பாமலே சொன்னார்: “அஞ்சு மணிக்கு மேல உக்காருங்க. அதுக்கு முன்னால நான் வேற எடத்து பந்தோபஸ்துல இருப்பேன்.” சற்றுப் பொறுத்து, “குவார்ட்டர்ஸ்லயும் தண்ணி வரல,” என்றார்.

மறுநாள் அஞ்சு மணிக்குப் பெரிய ரோட்டில் குடங்கள் வரிசையாக உட்கார்ந்தன, குடங்களுக்குப் பின்னால் பெண்கள். இரண்டு பக்கமும் பஸ்கள் நின்றன. ஏட்டு நம்பிராஜன் வந்து, பேனாவைத் திறந்து, முதல் ஆளிடமிருந்து ஆரம்பித்தார்.

“சந்தனக்கனி,” என்றாள் அவள், கேட்பதற்கு முன்பே. வெயிலில் அவள் முகம் மறுபடி கறுக்கத் தொடங்கியிருந்தது.

பேச்சித்தாய். வேலம்மாள். சொர்ணக்கிளி. ஒவ்வொருத்தியும் சொல்ல, அவர் எழுதிக்கொண்டே வந்தார். வரிசையின் கடைசியில், போலீஸ் குவார்ட்டர்ஸிலிருந்து புதுப் பித்தளைக் குடத்தோடு வந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து ‘இந்தா’ என்றும் ‘ஏ’ என்றும் மட்டுமே அவளைக் கூப்பிட்டுப் பழகிய ஏட்டையா, அவள் முன்னால் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார். தெருவே அவர் வாயைப் பார்த்தது.

“பேரு என்னம்மா?”

அவள் முக்காட்டை விலக்கிவிட்டு, அவர் முகத்தை நேராகப் பார்த்து, இரண்டு பக்கமும் நின்ற பஸ்களில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னாள்.

“ஆவுடைச்செல்வி.”

அவர் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக எழுதிக்கொண்டார்.